கைபேசியிலிருந்து இறங்கிய விருந்தாளிகள்

முதலில் ஒரு விடுகதை. அழைக்காமல் வருவான், வாசல் வழியாக வரமாட்டான். இலை போட்டுச் சோறு வைத்தால் தொடமாட்டான், மனசுக்குள் இருக்கும் கேள்வியை எடுத்து வைத்தால் தின்று தின்று வளர்வான். அவனுக்கு நாற்காலி போட்டவர்கள் உண்டு, மின்விசிறியை அவன் பக்கம் திருப்பி வைத்தவர்கள் உண்டு, ஆயுதபூஜைக்கு அவன் நெற்றியில் பொட்டு வைத்தவர்கள்கூட உண்டு. எழுந்து வெளியே போ என்று சொன்னவர்கள்தான் இல்லை. அவன் யார்?

மாப்பிள்ளை என்று சொல்லிவிட்டுச் சிரிக்கிறவர்கள் வெளியூர்க்காரர்கள். வேலாங்காட்டுப்பாளையத்தில் இந்த விடுகதையைப் போட்டால் பால்வாடிக் குழந்தைகூட விடையைச் சொல்லிவிட்டு, இதெல்லாம் ஒரு விடுகதையா என்பதுபோல உங்களை மேலும் கீழும் பார்க்கும்.

அவர்கள் வந்தது புரட்டாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு. ஊரில் இருந்த விசைத்தறிகள் எல்லாம் வழக்கம்போல் தடதடத்துக்கொண்டிருந்தன. திடீரென்று எல்லா வீட்டுக் கைபேசிகளின் திரையும் தொட்டித் தண்ணீர்போல ஒரு முறை அசைந்தது. ஒவ்வொரு திரையிலிருந்தும் கட்டைவிரல் உயரத்தில் ஓர் ஆள், சாம்பல் நிறச் சஃபாரி உடுப்பும் கழுத்தில் அடையாள அட்டையும் கக்கத்தில் பதிவேடுமாக, கிணற்றுப் படி ஏறி வருகிறவர்போல ஒரு காலை எடுத்து வெளியே வைத்து, மறு காலையும் வைத்து, உடுப்பைத் தட்டிவிட்டுக்கொண்டு, "குடிமக்கள் கவனிப்புத் துறை" என்று சொன்னார்.

அந்த நேரத்தில் மிதுளாவுக்குக் காலாண்டு விடுமுறை. பதினொரு வயது, ஆறாம் வகுப்பு. மிக்சி ஜாடியில் சிக்கிக்கொண்ட பிளேடைக் கழற்றுவது எப்படி என்று அம்மாவுக்காகத் தட்டிக்கொண்டிருந்தாள். அம்மாவுக்காக மகள் தட்டுவது அந்த ஊரில் சோம்பேறித்தனம் அல்ல. தறியில் அறுந்த நூலுக்கு நாள் முழுக்க முடிச்சுப் போட்டுப் போட்டு, அந்த ஊர்ப் பெரியவர்களின் விரல்நுனிகள் கூழாங்கல்போல வழவழத்துப் போயிருந்தன. அந்த விரல்களைக் கைபேசிக் கண்ணாடி விரல் என்றே ஏற்றுக்கொள்வதில்லை. ஆகவே வீட்டுக்கு ஒரு கைபேசி, அதைத் தட்ட வீட்டுக்கு ஒரு குழந்தை என்பது ஊர் வழக்கம். தேடுகிறவர் பெரியவர், தட்டுகிறது குழந்தை.

பாதிச் சொல்லில் நிறுத்திய மிதுளாவின் கட்டைவிரல் மேலேயே ஏறி நின்றுகொண்டு, வந்த ஆள், "முடி, முடி, எழுதிக்கணும்" என்றார்.

தங்கமணி ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள். யார், எங்கிருந்து, யாரைக் கேட்டு என்ற மூன்று கேள்விகளில் ஒன்றையாவது அவள் கேட்டிருக்கலாம். ஊரில் வேறு யாரும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. "வாங்க, வாங்க. சாப்டீங்களா?" என்றாள்.

"உணவு கையூட்டாகக் கருதப்படும்."

"ரெண்டு இட்லிதானுங்க."

"எண்ணிக்கை முக்கியமில்லை" என்று சொல்லிவிட்டு, அவர் மிக்சி பிளேடைப் பதிவேட்டில் எழுதினார். எழுதி முடித்ததும் ஓர் ஏப்பம் விட்டார். அடுத்த நிமிடம் அவர் ஒரு நெல்மணி அளவு உயர்ந்திருந்ததை மிதுளா பார்த்தாள்.

அன்று மாலைக்குள் ஊருக்கு விஷயம் புரிந்துவிட்டது. வந்தவர்கள் சோறு தின்பதில்லை, தேடலைத் தின்கிறார்கள். தட்டினால் வளர்கிறார்கள், தட்டாவிட்டால் தேய்ந்து, இருமி, கைபேசியின் ஓரத்தில் சுருண்டு படுத்துக்கொள்கிறார்கள். இவ்வளவு தெரிந்த பிறகு வேறு எந்த ஊராக இருந்தாலும், தட்டுவதை நாலு நாள் நிறுத்திப் பார்த்திருக்கும். அவர்கள் பொட்டுக்கடலை அளவுக்குச் சிறுத்துத் திரைக்குள் விழுந்து தொலைந்திருப்பார்கள், கதையும் முடிந்திருக்கும். ஆனால் அது வேலாங்காட்டுப்பாளையம். விருந்தாளி, ஒறம்பரை என்று வீட்டுக்கு வந்தவர் வயிறு வாடிக் கிடக்கக் கூடாது என்று நினைக்கிற ஊர்.

ஞாயிற்றுக்கிழமை யாரும் எதுவும் தட்டாததால் அவர்கள் வீட்டுக் கவனிப்பாளர் வெளிறிப்போய்ச் சுவரில் சாய்ந்திருந்தார். தங்கமணிக்கு மனசு கேட்கவில்லை.

"பாவம், காலைல இருந்து பட்டினி. எதாச்சும் தட்டிப் போடு கண்ணு."

"என்னம்மா தட்ட?"

"என்னமோ ஒண்ணு. எனக்கு ஏன் முட்டி வலிக்குதுன்னு போடு. லாரி எடுத்துக்கிட்டுப் போன உங்கொப்பன் ஏன் மூணு நாளா போன் பண்ணலீன்னு போடு." அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "நான் கல்யாணத்துக்கு முந்தி டீச்சர் டிரெய்னிங் போயிருந்தா இப்ப என்ன சம்பளம் வாங்குவேன்னு போடு" என்றாள்.

மூன்றையும் தின்று கவனிப்பாளர் ஒரு சாண் வளர்ந்தார். மூன்றாவது ருசியாக இருந்தது என்றும் சொன்னார்.

இப்படித்தான் ஊர் முழுக்க நடந்தது. கடன் வாங்கியவர் யாரும் கண்டுபிடிக்காத ஊரின் பெயரைத் தட்டச் சொன்னார், மருமகள் மாமியாரின் வயதில் சராசரியாக எத்தனை ஆண்டு மிச்சம் என்று தட்டச் சொன்னாள், கோயில் பூசாரி கடவுள் இல்லை என்று சொல்கிறவர்கள் என்ன காரணம் சொல்கிறார்கள் என்று தட்டச் சொன்னார், ஐம்பது வருடம் ஒருவரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததையெல்லாம் ஒவ்வொருவரும் ஒரு குழந்தையின் விரல் வழியாக எடுத்து அந்தச் சஃபாரி உடுப்புக்காரர்களின் வாயில் வைத்தார்கள், வைத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் போடட்டுங்களா என்று கேட்டார்கள். தை பிறக்கும்போது ஊர்க் கவனிப்பாளர்கள் இடுப்பு உயரத்துக்கு வந்துவிட்டார்கள். பங்குனிக்குள் சிலருக்குத் தொப்பை விழுந்தது.

தொப்பை விழுந்ததும் அது கௌரவமாகிவிட்டது. "அவங்கூட்டுக் கவனிப்பாளரு எலும்புந்தோலுமா இருக்காரு, என்ன பொழப்பு பொழைக்கறாங்களோ" என்று தண்ணீர்க் குழாயடியில் பேசிக்கொண்டார்கள். கல்யாணப் பத்திரிகைகளில் தாய்மாமன் பெயருக்குக் கீழே கவனிப்பாளரின் பதவியை அச்சடித்தார்கள். பந்தியில் அவர்களுக்கு முதல் வரிசை. இலை போடுவதில்லை, எதிரே ஒரு குழந்தையை உட்கார வைத்துத் தட்டச் சொல்வார்கள்.

சட்டக் கல்லூரியில் படித்த ஒரு பையன் மட்டும் பேக்கரி வாசலில் நின்று, இவர்களை யார் உள்ளே விட்டது, எந்தச் சட்டப்படி எழுதுகிறார்கள் என்று கேட்டான். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவனைப் பார்த்தார்கள். "அப்படி என்னடா உன் போன்ல வெச்சிருக்கற?" என்றார் ஒருவர். அதே கேள்வியை மாலைக்குள் பதினேழு பேர் அவன் அம்மாவிடம் கேட்டார்கள். மறுநாள் அவன் விடுதிக்குப் பஸ் ஏறினான்.

துறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாதம் ஒரு முறை ஒரு வேன் வந்து, நிறைந்த பதிவேடுகளின் நகல்களை ஏற்றிக்கொண்டு, வெற்றுப் பதிவேடுகளைக் கொடுத்துவிட்டுப் போகும். போனவை மாவட்டத் தலைநகரில் ஒரு கிடங்கில் கூரை வரை அடுக்கப்பட்டன. யாரும் அவற்றைப் பிரித்துப் படித்ததாகத் தெரியவில்லை. படிப்பதற்குத் தனியாக ஒரு துறை வேண்டும் என்றும், அதற்கான கோப்பு நகர்ந்துகொண்டிருக்கிறது என்றும் வேன் ஓட்டுநர் சொன்னார். அரசாங்கத்துக்கு அந்தப் பதிவேடுகளால் என்ன பயன் என்று அரசாங்கத்துக்கே தெரியாத நிலையில், அவற்றுக்குப் பயன் கண்டுபிடித்தது ஊர்தான்.

அந்த ஊரில் பெண் எடுக்கவோ கொடுக்கவோ வேண்டுமென்றால் ஜாதகம் பார்ப்பார்கள், பிறகு நாலு பேரிடம் ரகசியமாக விசாரிப்பார்கள். கையெட்டும் தூரத்தில் பதிவேட்டோடு ஒருவர் உட்கார்ந்திருக்கும்போது விசாரிப்பானேன் என்று யாரோ கேட்டார்கள். அவ்வளவுதான். பெண் வீட்டுக் கவனிப்பாளரும் மாப்பிள்ளை வீட்டுக் கவனிப்பாளரும் எதிரெதிரே உட்கார்ந்து பதிவேட்டைச் சத்தமாக வாசிக்க, சபை கேட்டுப் பொருத்தம் சொல்லும் வழக்கம் இரண்டே முகூர்த்தங்களில் நூறு வருட வழக்கம்போல ஆகிவிட்டது. கட்டம் போட்டுக்கொண்டிருந்த ஜோசியர்கூட வாசலில் பலகையை மாற்றி, 'பதிவேட்டுப் பொருத்தம் பார்க்கப்படும்' என்று எழுதி வைத்தார்.

இதில் ஒரே ஒரு சிக்கல். கவனிப்பாளர்களுக்குச் சொல் தெரியும், தட்டிய விரல் தெரியும். யாருக்காகத் தட்டியது என்பது தெரியாது. ஆகவே வாசிக்கும்போது அந்த வீட்டுக் குழந்தை பக்கத்தில் நிற்க வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் "இது யாருக்கு?" என்று கேட்பார்கள். குழந்தை பெயர் சொல்லும். குழந்தை சொன்னது எழுதப்படும். எழுதப்பட்டது உண்மை. சம்பந்தப்பட்டவர் தலையில் அடித்து மறுத்தாலும் பதிவேடு பொய் சொல்லாது என்று ஊர் சொல்லிவிடும்.

மிதுளா அப்படி இரண்டு வாசிப்புகளைப் பார்த்திருந்தாள். முதலாவது பால் சொசைட்டிச் செயலாளர் மயில்சாமி வீட்டில். கணவன் வெளிநாட்டில் இருக்கும் ஒருத்தியின் ஊருக்குப் பஸ் நேரம் கேட்டு இருபத்திரண்டு வரிகள் இருந்தன. எல்லாம் அப்பாவுக்கு என்று அவர் மகன் சொன்னான். சபை விழுந்து விழுந்து சிரித்தது. ஒரு மாதம் அவரைப் பஸ் மயில்சாமி என்று கூப்பிட்டார்கள், பிறகு பங்காளிகள் சேர்ந்து அவரையே சொசைட்டிக்குத் தலைவராக்கினார்கள்.

இரண்டாவது தையல்காரர் வீட்டில். அங்கே படித்தது ஒரே ஒரு வரி. கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் ஒரு பையனின் பெயர், அவ்வளவுதான். அது அக்கா கனிமொழிக்கு என்று அவள் தங்கை சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. மறுநாள் விடியும்போது கனிமொழி வயிற்றுவலியில் செத்துப்போயிருந்தாள், மற்றவர்கள் வந்து சேர்வதற்குள் எரித்தும் முடித்துவிட்டார்கள். அந்த வீட்டுப் பதிவேட்டில், முதல் நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு, இறப்புச் சான்றிதழ் எத்தனை நாளில் கிடைக்கும் என்று அவள் அப்பா தேடியது அழகான கையெழுத்தில் எழுதப்பட்டிருந்தது. விசாரிக்க வந்த போலீஸ்காரர், முதல் நாளே தெரிந்தும் ஏன் ஒன்றும் செய்யவில்லை என்று கவனிப்பாளரைக் கேட்டார். "கவனிப்பது எங்கள் வேலை. குறுக்கிடுவது வேறு துறை" என்றார் அவர். போலீஸ்காரர் அதையும் எழுதிக்கொண்டு போனார். அந்தத் தங்கை மிதுளாவின் வகுப்பு. அதற்குப் பிறகு அவள் பள்ளிக்கூடத்தில் யாருடனும் பேசுவதில்லை.

மிதுளாவுக்கும் ஓர் அக்கா இருந்தாள். சிந்துஜா, இருபத்து மூன்று வயது, பெரியப்பாவின் பட்டறையில் நாலு தறி பார்க்கிறவள். பத்து விரல்நுனியும் தேய்ந்தவள். ஆவணி மாதம் ஒரு நாள் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் மிதுளாவைக் கூப்பிட்டு, "கண்ணு, எனக்கு ஒண்ணு தட்டிக் குடுக்கறியா?" என்றாள்.

பெற்றோர் கையெழுத்து இல்லாமல் பதிவுத் திருமணம் செய்துகொள்ள முடியுமா என்று தட்டச் சொன்னாள். எத்தனை நாள் முன்னால் அறிவிப்புக் கொடுக்க வேண்டும், சாட்சி எத்தனை பேர், உயிருக்குப் பாதுகாப்புக் கேட்டு யாரிடம் மனுக் கொடுப்பது என்று அடுத்தடுத்த வாரங்களில் மேலும் மூன்று முறை. ஒவ்வொரு முறையும் கவனிப்பாளர் துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்து, நாக்கைச் சப்புக்கொட்டி எழுதினார்.

"பையன் யாருக்கா?"

"திலீபன். டவுன்ல ஆம்புலன்ஸ் ஓட்டறாரு."

"நம்ம ஆளுங்களா?"

"இல்ல."

மிதுளா கைபேசியைப் பாவாடையில் துடைத்தாள். சிந்துஜா அவள் தலையைப் பிடித்துத் தன் வயிற்றில் சாய்த்துக்கொண்டு, "இவரு எழுதறது எழுதட்டும். நமக்குப் பொருத்தம் பார்க்க இன்னும் ஆரும் வரல. ஒரு மாசம்தான், தாண்டிருவோம்" என்றாள்.

பக்கத்து டவுன் பதிவு அலுவலகத்தில் அறிவிப்புக் கொடுத்தாயிற்று. அந்த அலுவலகச் சுவரில், கண்ணாடிப் பெட்டிக்குள், சிந்துஜாவின் பெயரும் அப்பா பெயரும் ஊர்ப் பெயரும் போட்ட தாள் முப்பது நாள் தொங்க வேண்டும். வேலாங்காட்டுப்பாளையத்தார் தினமும் பத்துப் பேராவது பத்திர வேலையாக அங்கே போய், அந்தப் பெட்டியில்தான் முதுகைச் சாய்த்துக்கொண்டு நிற்பார்கள். ஒருவர்கூடத் திரும்பி அதைப் படிக்கவில்லை. ஒளித்து வைத்ததைத்தான் படிக்க வேண்டும் என்று அவர்களுக்குப் பழகிவிட்டது. முப்பது நாள் ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்து, திங்கட்கிழமை கையெழுத்து.

அதற்கு முந்தைய புதன்கிழமை பெரியப்பா கொல்லைப்புறம் வழியாக வந்தார்.

பெரியப்பா நாச்சிமுத்துதான் மாரியம்மன் கோயில் கமிட்டித் தலைவர். அறுபத்தொரு வயது. பெரியம்மா இறந்து ஆறு வருடம். "தப்புப் பண்ணாதவனுக்கு என்னய்யா பயம்? எங்கூட்டுப் பதிவேட்டை எவன் வேணும்னாலும் வந்து பாரு" என்று கூட்டங்களில் மார்தட்டுவார். பார்த்தால் நூல் விலையும் மழை நிலவரமும் மட்டும் இருக்கும். அவர் வீட்டுக் கவனிப்பாளர் ஒல்லியாக இருப்பார். நேர்மையான வீடு என்றால் அப்படித்தான் என்று பெரியப்பா விளக்கம் சொல்வார். அவர் தேட வேண்டியதையெல்லாம் தம்பி வீட்டுக்கு வந்து தேடினார். "அம்மிணி மிதுளா, பெரியப்பனுக்கு ஒண்ணு தட்டு" என்று கேட்டு, வழுக்கையில் முடி முளைக்க, மீசைச் சாயம் மூக்கில் இறங்காமல் பூச, அறுபதில் இருபதுபோலத் தெரிய என்று அவர் போட்ட தீனியில்தான் மிதுளா வீட்டுக் கவனிப்பாளருக்குத் தொப்பையே விழுந்தது. தெரு முழுக்க இது தெரியும். தெரியாததுபோல இருப்பது மரியாதை.

இந்தத் தடவை அவர் எதுவும் தட்டச் சொல்லவில்லை. "தங்கமணி, சிந்துவுக்கு ஒரு எடம் வந்திருக்குது. வெள்ளகோயில் பக்கம், எண்ணெய் மில்லு. வெள்ளிக்கெழம பதிவேட்டோட வர்றாங்க. லாரில இருக்கற தம்பிகிட்டப் போன்ல பேசிட்டேன், நீங்க சொன்னாச் சரிங்கண்ணான்னுட்டான்."

"வெள்ளிக்கெழமையேவா மாமா?" என்றாள் தங்கமணி.

"ஏன், பதிவேட்டுல ஒளிக்கறதுக்கு ஏதாச்சும் இருக்குதா?"

சிந்துஜா கையிலிருந்த, நூல் சுற்றிய தார்க்குச்சியைக் கீழே போட்டுவிட்டுக் குனிந்து தேடினாள். தேடி எடுக்க அவளுக்கு வெகுநேரம் ஆனது.

வியாழக்கிழமை அவளைத் தனியாக வெளியே விடவில்லை. பொருத்தம் பார்க்கிற பெண் வெளியே போகக் கூடாது என்றார் பெரியப்பா. அன்று மத்தியானம் மிதுளா கவனிப்பாளரிடம் போய், அந்த நாலு வரியை மட்டும் வாசிக்காமல் விடுவீர்களா என்று கேட்டாள்.

"துறையில் அதற்கு இடமில்லை" என்றார் அவர். இப்போது அவர் அவளைவிட உயரமாக இருந்தார். நாற்காலியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"படிச்சா அக்காவைக் கொன்னுருவாங்க."

"நடந்தால் அதையும் எழுதுவோம்."

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கார் வந்தது. மாப்பிள்ளையின் அம்மா ராசாத்தியம்மாள் முதலில் இறங்கினாள், பிறகு அவர்கள் வீட்டுக் கவனிப்பாளரை இரண்டு பேர் கைத்தாங்கலாக இறக்கினார்கள். அவர் பருமனைப் பார்த்ததும் தெருப் பெண்கள் மூச்சை உள்ளிழுத்தார்கள். மாப்பிள்ளை கடைசியாக இறங்கினான். அவனை யாரும் கவனிக்கவில்லை.

கூடத்தில் பாய் விரித்திருந்தது. பெரியப்பா நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை வீட்டுப் பதிவேடு முதலில் வாசிக்கப்பட்டது. புஜத்தைப் பருக்க வைப்பது எப்படி என்று அறுபது வரி. ஒரு தீங்கும் இல்லை என்று சபை சொன்னது. பிறகு மிதுளாவைக் கூப்பிட்டு, கவனிப்பாளரின் நாற்காலிக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள்.

"மிக்சி ஜாடி பிளேடு கழற்றுவது."

"அம்மாவுக்கு" என்றாள் மிதுளா.

"ஆசிரியர் பயிற்சி முடித்தவரின் இன்றைய சம்பளம்."

"அம்மாவுக்கு."

ராசாத்தியம்மாள் தங்கமணியை ஏற இறங்கப் பார்த்தாள். "தறிக்காரிக்கு டீச்சர் ஆசையா?" என்று அவள் கேட்க, சபை லேசாகச் சிரித்தது. தங்கமணி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சமையல்கட்டு நிலையைப் பிடித்தாள்.

"வழுக்கையில் முடி முளைக்க."

மிதுளா வாயைத் திறப்பதற்குள் பெரியப்பா முந்திக்கொண்டார். "எந்தம்பிக்கு. அடுத்ததப் படிங்க."

"உங்க தம்பிய எனக்குத் தெரியுமுங்களே, தலை நெறைய முடியாச்சே" என்றாள் ராசாத்தியம்மாள்.

"இருக்கறது போயிருமோன்னு பயமுங்க" என்றார் பெரியப்பா, தலைத் துண்டைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டே. கதவோரம் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

மீசைச் சாயமும் தம்பிக்கே போனது. அறுபதில் இருபதுபோலத் தெரிய என்ற வரி வந்தபோது, "தம்பிக்கு நாப்பத்தெட்டுதானுங்க?" என்று ராசாத்தியம்மாள் கேட்க, "முன்கூட்டியே பார்த்து வெச்சிருக்கறான்" என்று பெரியப்பா சொல்ல, இந்தத் தடவை மாப்பிள்ளைகூடச் சிரித்தான்.

கவனிப்பாளர் பக்கத்தைத் திருப்பினார். தொண்டையைச் செருமினார்.

"பெற்றோர் கையெழுத்து இல்லாமல் பதிவுத் திருமணம் செய்துகொள்ள முடியுமா."

சிரிப்பு நின்றது. பட்டறையில் ஒரு தறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது தெளிவாகக் கேட்டது. அவர் அடுத்த மூன்று வரிகளையும் ஒரே குரலில், இடையில் மூச்சுவிடாமல் வாசித்தார். பாதுகாப்பு மனு என்ற சொல்லில் பெரியப்பாவின் கழுத்து நரம்பு எழும்பியது. அவர் யாரையும் கேட்கவில்லை. திரும்பிச் சிந்துஜாவைப் பார்த்தார். சிந்துஜா காப்பித் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கதவைப் பார்த்தாள். வாசலில் செருப்புப் போடாமல் நின்ற இரண்டு பங்காளிகள் கூடத்துக்குள் வந்து கதவை மூடினார்கள்.

"யாருக்குன்னு கேளுங்க" என்றார் பெரியப்பா. "சபையில எழுதிருவோம். அப்பறம் எங்கூட்டு விஷயம், நாங்க பார்த்துக்கறோம்."

கவனிப்பாளர் மிதுளாவின் பக்கம் குனிந்தார். குழந்தைகளோடு பேசுவதற்கென்று துறையில் சொல்லிக்கொடுத்த குரலில் பேசினார்.

"பாப்பா, பதினான்கு வயதுக்குக் கீழே யாருக்கும் சொந்தப் பதிவேடு கிடையாது. உனக்கும் கிடையாது. நல்ல சலுகை, இல்லையா? நீ சொல்வது பொய் என்று என்றைக்குத் தெரிகிறதோ, அன்றைக்கு உனக்கென்று தனியாக ஓர் ஆள் வருவார். நீ பள்ளிக்கூடம் போனால் கூட வருவார். கல்யாணம் பண்ணிக்கொண்டால் கூட வருவார். நீ சாகிறவரை போகமாட்டார். புரிகிறதா?"

புரிகிறது என்று மிதுளா தலையாட்டினாள். திங்கட்கிழமை மத்தியானத்துக்குள் எது பொய் என்று ஊருக்கே தெரிந்துவிடும் என்பதும் அவளுக்குப் புரிந்திருந்தது. இடையில் சனியும் ஞாயிறும் இருந்தன.

"சொல்லு கண்ணு" என்றாள் ராசாத்தியம்மாள். "கொழந்தைங்க பொய் சொல்லாது."

"சொல்லு" என்றார் பெரியப்பா.

கவனிப்பாளர் பேனாவைத் தாளில் வைத்தார். "நாலு வரி. யாருக்குத் தட்டினாய்?"

நாலையும் பெரியப்பாவுக்குத் தட்டினேன் என்று மிதுளா சொன்னாள்.